திருகோணமலைக் கடற்கரையில் மனை என்று 18 லட்சத்து 40 ஆயிரத்தைப் பறிகொடுத்தேன்

நேற்று மதியம் இலங்கையில் உள்ள திருகோணமலையிலிருந்து ஒரு வழக்கறிஞர் ஃபோனில் பேசினார். நான் கொடுத்த 18 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்கு அங்கே ஒரு பிடி மண்கூட என் பேரில் இல்லை, இருக்கவும் முடியாது என்றார். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் ஆறும் முன்னால் எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பாளையங்கோட்டை. மஸ்கட்டில் 14 வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது. வண்ணார்பேட்டைப் பக்கம் மாடியில் ஓர் அலுவலகம், வெளிநாட்டில் கடற்கரை மனை வாங்கித் தருவதாக விளம்பரம் செய்தார்கள். புகார் கொடுக்கப் போவதால் பெயரை எழுத வேண்டாம் என்று இங்கே உள்ள வக்கீல் சொல்லியிருக்கிறார்.

எங்கள் தாத்தா தூத்துக்குடியில் கப்பலேறிப் போய்க் கொழும்பில் மளிகைக் கடை வைத்திருந்தவர். முதல் நாள் பேச்சோடு பேச்சாக இதைச் சொல்லிவிட்டேன். அந்த அலுவலகத்து ஆள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்போ நீங்க அசலூர்க்காரரே இல்லை அண்ணாச்சி. தாத்தா கடை வச்ச நாட்டுல பேரனுக்கு ஒரு காணி வேண்டாமா?" என்றான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், என் அம்மாவிடம் கொழும்புக் கதையெல்லாம் கேட்டான். அம்மா அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள்.

ஜனவரியில் எங்கள் ஆறு பேரை அங்கே கூட்டிக்கொண்டு போனான். உப்புவெளி தாண்டி நிலாவெளிக்குப் போகும் வழியில் கடலைப் பார்த்த மாதிரி 20 பேர்ச். நம் கணக்கில் பன்னிரண்டரை சென்ட். எதிரே புறாத் தீவு தெரிகிறது. நாங்கள் உவரிக் கடற்கரைக் கோயிலில் முடி இறக்குகிற குடும்பம். அந்த மணலில் நின்றபோது சொந்தக் கரையில் நிற்கிற மாதிரியே இருந்தது. கடைப் பலகை தமிழில், பஸ்ஸில் தமிழ், டீக்கடையில் தமிழ். வெளிநாடு என்ற நினைப்பே வரவில்லை. சாயங்காலம் கோணேசர் கோயிலுக்குப் போனோம். "இந்தச் சந்நிதியில வச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி, உங்க பணத்துக்கு நான் பொறுப்பு" என்று பிரசாதப் பூவை என் கையில் வைத்தான். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். ஊருக்கு வந்த வாரமே 12 லட்சத்தை வங்கி மூலம் அவர்கள் கணக்குக்கு அனுப்பினேன். மீதி 6 லட்சத்து 40 ஆயிரத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். அதற்குக் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு.

வெளிநாட்டுக்காரர் பேரில் நிலம் பதியலாமா என்று நான் கேட்காமல் இல்லை. "அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு அண்ணாச்சி, நமக்கு இல்லை" என்றான்.

வழக்கறிஞர் நேற்றுச் சொன்னது வேறு. 2014இல் வந்த 38ஆம் எண் சட்டப்படி இலங்கைக் குடியுரிமை இல்லாத எவரும் அங்கே நிலத்தைச் சொந்தமாக வாங்க முடியாது. தமிழரா வெள்ளைக்காரரா என்று சட்டம் பார்ப்பதில்லை. பாதிக்குப் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்கு உள்ள கம்பெனி பேரிலும் முடியாது. அடுக்குமாடி வீட்டுக்குச் சில விலக்குகள் உண்டு. மற்றபடி குத்தகைக்கு எடுக்கலாம், அதுவும் அதிகபட்சம் 99 வருஷம். எனக்கு அவர்கள் தந்தது திருநெல்வேலியில் 100 ரூபாய் முத்திரைத்தாளில் அடித்த ஒப்பந்தம். அங்கே 1840ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது: நொத்தாரிசு, அதாவது நோட்டரி முன்னால், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்ட உறுதிதான் செல்லும். நாம் பத்திரம் என்பதை அங்கே உறுதி என்கிறார்கள். என் கையில் உறுதியும் இல்லை, பத்திரமும் இல்லை.

இதைவிடக் கொடுமை, அந்த இடமே அரச காணி, அதாவது அரசாங்க நிலம். ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. பிரதேச செயலாளர் என்கிற அரசு அதிகாரியின் சம்மதம் இல்லாமல் அவர்களே அதை விற்க முடியாது. போதாததற்குக் கடலிலிருந்து 300 மீட்டருக்குள் வருவதால், கட்டடம் கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டுமாம். எங்களைக் கூட்டிப் போய்க் காட்டியபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான அம்மா வலை உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் இடத்தைத்தான் எனக்கு விற்றிருக்கிறார்கள், அவருக்கே தெரியாமல்.

ஏப்ரலிலிருந்து அந்த மாடிப்படியை எத்தனை தடவை ஏறியிருப்பேன்! "சார் கொழும்புல இருக்காவ." "திங்கக்கிழமை வாங்க." "அங்க ஆபீஸ் லீவு." "உங்க ஃபைல் மேல போயிருக்கு." எந்த மேல் என்று கேட்டால் அலுவலகத்தில் இருக்கிற பெண் தலையைக் குனிந்துகொள்கிறது, அதைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அந்த ஆள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். மனைவி ஃபோனிலிருந்து கூப்பிட்டபோது எடுத்தான். "அண்ணாச்சி, நம்பிக்கை இல்லைன்னா எப்படித் தொழில் பண்றது?" என்று என்னையே கேட்டான். போன வாரம் வேறொருவன் வந்து, 50 ஆயிரம் தருகிறோம், புகார் வேண்டாம் என்கிறான். 18 லட்சத்து 40 ஆயிரத்துக்கு 50 ஆயிரம்!

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், மனசு நிற்கவில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த ஊர் வழக்கறிஞரை நீங்களே தேடிப் பிடித்துக் காணிப் பதிவகத்தில், அதாவது அங்கே உள்ள பத்திரப் பதிவு ஆபீசில், பார்க்கச் சொல்லுங்கள், தரகர் காட்டும் வக்கீல் வேண்டாம். இன்னொருவர் பேரில் வாங்கிப் பவர் தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரொக்கம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி வழியாகவே அனுப்பலாம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் நாள் கடத்தாதீர்கள். அங்கே உள்ள நிலம் யாருடையது என்று நம் ஊர் கோர்ட் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் பணம் வாங்கியது இங்கே என்றால் மோசடிப் புகாரும் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கும் இங்கேயே போடலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷம்தான் கெடு.

நாளைக் காலை பத்து மணிக்கு வங்கி ஸ்டேட்மெண்ட், அந்தத் துண்டுச் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போலீஸ் கமிஷனர் ஆபீசுக்குப் போகிறேன். ஜனவரியில் என்னோடு வந்த மற்ற ஐந்து பேரில் யாராவது இதைப் படித்தால், உங்கள் ரசீதையும் எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுங்கள்.