மலைப்பாதையில் பைக் ஓட்டுபவருக்கு எந்த பிரஷர் மாத்திரை ஒத்துப்போகும்?

பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு பைக் ஓட்டலாமா என்று குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பலர் கேட்கிறார்கள். ஓட்டலாம். எந்த மாத்திரை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பிரஷரை இறக்குவதில் முக்கியமான மாத்திரைகளுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. கையிலும் காலிலும் தலையிலும் அவை காட்டும் குணம்தான் வேறு. மேட்டுப்பாளையத்தில் வியர்க்க வியர்க்கக் கிளம்பி, 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் நடுங்கிக்கொண்டு இறங்குகிறவருக்கு அந்தக் குணம் முக்கியம்.

நம் ஊரில் அதிகம் புழங்குவது அம்லோடிபின். உடம்பில் நெடுநேரம் தங்கும், ஒரு வேளை தவறினாலும் பிரஷர் சட்டென்று எகிறாது. தொல்லை கணுக்காலில். 5 மில்லிகிராமில் தெரியாத வீக்கம் 10 மில்லிகிராமில் தெரியும். காலைத் தொங்கப்போட்டு நெடுநேரம் ஓட்டினால் ஷூ இறுகும், கியர் மாற்றும்போது பாதம் மடங்க மறுக்கும். இந்த வீக்கத்துக்கு, சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரை பெரிதாக உதவாது. அளவைக் குறைத்து டெல்மிசார்ட்டான் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்த்தால் பெரும்பாலும் வடியும். டாக்டரிடம் இதைக் கேட்கலாம்.

இதயத் துடிப்பைக் குறைத்து பிரஷரை இறக்கும் பீட்டா பிளாக்கர்தான் மலையில் அதிகம் யோசிக்க வேண்டிய வகை. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் இரண்டும் விரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. ஜனவரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலையில் வண்டியை எடுத்துப் பாருங்கள். கையுறைக்குள்ளேயே விரல் மரத்துவிடும். மரத்த விரலுக்கு பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. முதலில் போதாமல் பிடிக்கும், பிறகு மொத்தமாக அமுக்கும். கொண்டை ஊசி வளைவில், ஈரத் தார் ரோட்டில், முன் சக்கரம் வழுக்க அது போதும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடும். மிஞ்சுவது வியர்வை. ஜெர்கினுக்குள் அதை யார் கவனிப்பார்கள்?

ஆனால் மாரடைப்புக்குப் பிறகோ, இதயத் துடிப்புக் கோளாறுக்கோ இதைக் கொடுத்திருந்தால் குளிருக்குப் பயந்து நிறுத்தவே கூடாது. திடீரென்று விட்டால் நெஞ்சுவலி வரலாம். பிரஷருக்கு மட்டும் என்றால், வேறு மாத்திரைக்கு மாறலாமா, அல்லது இதே வகையில் கையை அவ்வளவாகக் குளிர வைக்காத நெபிவோலால் சரிப்படுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

என் பார்வையில் மலையில் வண்டி ஓட்டுகிற பெரும்பாலானோருக்கு டெல்மிசார்ட்டான்தான் முதலிடம். கை குளிராது, கால் வீங்காது. எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரையில் சிலருக்கு வரும் வறட்டு இருமலும் இதில் அரிது. முழு முகம் மூடிய ஹெல்மெட்டுக்குள் இருமியவருக்கு அதன் அருமை தெரியும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஆகவே ஆகாது. சிறுநீரகமும் பொட்டாசியமும் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீர் மாத்திரை வீட்டில் இருக்கும் நாளுக்கு நல்லது. பர்லியார் தாண்டிக் குன்னூர் வரை நினைத்த இடத்தில் ஒதுங்க முடியாது, பெண்களுக்கு இன்னும் கஷ்டம். அதற்காகவே பலர் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள். அதுதான் தவறு. உடம்பில் நீர் வற்றியிருக்க, டெல்மிசார்ட்டானும் உள்ளே இருந்தால் வண்டியை விட்டு இறங்கி நிற்கும்போதே கண் இருட்டும். நீண்ட பயண நாளில் எத்தனை மணிக்குப் போடலாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைக்கலாம்.

பிரஷருக்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான பிரசோசின் முதல் வேளையிலேயே ஆளை மயக்கி விழவைக்கக்கூடும், அதனால்தான் இரவில் படுக்கும்முன் போடச் சொல்கிறார்கள். குளோனிடின் என்ற பிரஷர் மாத்திரை தூக்கம் தரும். இந்த இரண்டும் உடம்புக்குப் பழகும்வரை சாவியைத் தொடாதீர்கள். எந்த மாத்திரையானாலும் புதிதாக ஆரம்பித்த அல்லது அளவைக் கூட்டிய முதல் ஓரிரு வாரம் பஸ்ஸில் போவதே நல்லது.

ஓட்டி முடித்து இடுப்பு வலிக்கிறதென்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்குவதும் நடக்கிறது. அது பிரஷரை ஏற்றும். டெல்மிசார்ட்டானும் நீர் மாத்திரையும் சேர்ந்திருந்தால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சில சளி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். கடைக்காரரிடம் பிரஷர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, வலிக்குப் பாராசிட்டமால் கேளுங்கள்.