டேப்லெட்டா, லேப்டாப்பா: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்

டேப்லெட்டோடு ஒரு கீபோர்டைச் சேர்த்தால் லேப்டாப் வேலை முடிந்துவிடும் என்று நம்பிப் பலர் வாங்குகிறார்கள். வேகத்தில் குறையில்லை. ஐபேட் ஏரில் இருக்கும் எம் வரிசைச் சிப்தான் மேக்புக் ஏரிலும் இருக்கிறது. ஃபைல், போர்ட், டிரைவர் (இணைக்கும் கருவியை இயக்கும் மென்பொருள்) ஆகிய மூன்று இடங்களில்தான் மாட்டிக்கொள்வோம்.

எடை குறைவு என்பதும் பாதி உண்மைதான். 11 அங்குல ஐபேட் ஏர் சுமார் 460 கிராம், அதற்கான மேஜிக் கீபோர்டு ஏறக்குறைய 600 கிராம். 13 அங்குல மேக்புக் ஏரோ 1.24 கிலோ. கீபோர்டுக்கும் பேனாவுக்கும் தனித்தனியே காசு கொடுக்க வேண்டும்.

அலுவலக ஃபைல்களில் முதலில் இடறுவது எக்செல். விபிஏ மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்ய எக்செலுக்குள் எழுதும் நிரல்) உள்ள ஃபைல் டேப்லெட்டில் திறக்கும், எண்களும் தெரியும், ஆனால் மேக்ரோ ஓடாது. திரை 10.1 அங்குலத்தைத் தாண்டினால் வேர்டு, எக்செல் ஆப்களில் திருத்துவதற்கே மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். டேப்லெட்டில் வேண்டுமானால் வேறெங்கோ ஓடும் விண்டோஸை இணையம் வழியாகத்தான் தொட முடியும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். யுனிகோடு அல்லாத பழைய தமிழ் ஃபான்டான பாமினியில் அடித்த வேர்டு ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத டேப்லெட்டில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாக நிற்கும். ஐபேடில் ஆப் வழியாக ஃபான்ட் நிறுவ வழி உண்டு. ஆண்ட்ராய்டு வேர்டில் அது எளிதில் நடக்காது. கணினியிலேயே யுனிகோடுக்கு மாற்றி எடுத்துவருவதுதான் நல்லது.

டேப்லெட்டில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் சில நேரம் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வந்து, டிஸ்க் தெரியாமலே போகும். காரணம் மின்சாரம். 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஏறக்குறைய 1 ஆம்பியர் கேட்கும். எல்லா டேப்லெட் போர்ட்டும் அதைத் தராது. சார்ஜரைச் செருக இடமுள்ள யூஎஸ்பி-சி ஹப் ஒன்றை நடுவில் வையுங்கள், அல்லது சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். பிறகும் தெரியாவிட்டால் ஃபார்மட்டைப் பாருங்கள்: விண்டோஸின் வழக்கமான ஃபார்மட்டான என்டிஎஃப்எஸில் உள்ள டிஸ்க்கைப் பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் படிக்காது. எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டுக்கு மாற்றலாம், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் முதலில் நகல் எடுத்துவிடுங்கள். வேகத்தையும் போர்ட்டின் வடிவத்தை வைத்துக் கணிக்க முடியாது. பத்தாம் தலைமுறை ஐபேடில் இருப்பது யூஎஸ்பி-சிதான், ஓடுவது நொடிக்கு 480 மெகாபிட் என்ற பழைய யூஎஸ்பி 2 வேகத்தில். 50 ஜிபி வீடியோவை நகலெடுக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

சிறுதொழில் நடத்துபவர்களும் ஆடிட்டர் அலுவலகத்தாரும் டிஎஸ்சி டோக்கனை (டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி கருவி) மறக்கவே கூடாது. கம்பெனிப் படிவங்களுக்கும் டெண்டருக்கும் வேண்டிய அந்தக் கையெழுத்து டோக்கனுக்கு டிரைவரும் கையெழுத்திடும் சைனர் மென்பொருளும் வேண்டும். இவை கணினிக்காக எழுதப்பட்டவை. கடைசி நாள் இரவில் இது தெரியவந்தால் யாராலும் உதவ முடியாது.

அப்படியானால் விண்டோஸ் ஓடும் மைக்ரோசாஃப்ட் டேப்லெட்டான சர்ஃபேஸ் புரோ? மேக்ரோ, பாமினி சிக்கல்கள் அதில் தீரும். ஆனால் ஸ்னாப்டிராகன் சிப் உள்ள மாடலில் கவனம் தேவை. அது ஆர்ம் என்ற வேறு வகைச் சிப். இன்டெல் வகைச் சிப்புக்கு எழுதிய பழைய மென்பொருள்களை எமுலேஷனில், அதாவது அந்தச் சிப்பைப் போல நடித்து, ஓட்டிவிடும், டிரைவரை ஓட்டாது. பழைய பிரின்டருக்கும் டோக்கனுக்கும் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளர் தளத்தில் பார்த்த பிறகே வாங்குங்கள். இன்டெல் சிப் மாடலில் இந்தக் கவலை இல்லை. எந்த மாடலானாலும், மடியில் வைத்துத் தட்டச்சு செய்ய சர்ஃபேஸின் பின்தாங்கி வசதிப்படாது.

பேனாவால் குறிப்பெடுக்க, பிடிஎஃபில் கோடிட, படம் வரைய, படுத்துக்கொண்டு படிக்க டேப்லெட்டுக்கு ஈடு கிடையாது. மருத்துவ மாணவருக்கும் ஓவியருக்கும் தயங்காமல் அதையே சொல்லலாம். கணக்கு, அலுவலகப் படிவம், நிரல் எழுதுவது என்றால் லேப்டாப்தான். ரேம், எஸ்எஸ்டி மாற்றக்கூடிய மாடலாகப் பாருங்கள். முடிவெடுக்குமுன், சென்ற மாதம் செய்த வேலைகளில் மிகச் சிக்கலான இரண்டு ஃபைல்களைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், காட்சிக்கு வைத்த கருவியில் திறந்து, திருத்தி, சேமித்துப் பாருங்கள்.