நீட் தேர்வுக்கு என்சிஇஆர்டி உயிரியல் நூல்கள்: ஒரு தமிழ்வழி மாணவியின் பயன்பாட்டு அனுபவம்

மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வெளியிடும் உயிரியல் நூல்கள் இரண்டையும் மேல்நிலைக் கல்வியின் தொடக்கத்திலிருந்து நீட் எழுதி முடிக்கும்வரை பயன்படுத்தினேன். இப்போது என் தங்கை அதே பிரதிகளில் படித்துவருகிறாள். இவை தமிழில் வெளிவருவதில்லை என்பதால், மாநிலப் பாடநூல் மட்டும் போதாதா என்று தமிழ்வழி மாணவர்கள் பலரும் கேட்கிறார்கள். பாடத்தை மாநில நூலில் புரிந்துகொண்டு, என்சிஇஆர்டி நூலில் வரிவரியாக மனத்தில் பதிய வைப்பதே உயிரியலுக்கு உகந்த வழி என்பது என் உறுதியான கருத்து.

மொத்த மதிப்பெண்களான 720-இல் 360 உயிரியலுக்கு உரியவை. அந்த 90 வினாக்களில் பெரும்பாலானவை இந்த இரு நூல்களின் சொற்றொடர்களை ஒட்டியே அமைகின்றன. இனச்செல்கள் உருவாவதற்கான செல் பிரிவான குன்றல் பகுப்பின் முதல் புரோஃபேஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உட்கட்டங்களில், சைகோட்டீனில் இணை குரோமோசோம்களைப் பிணைக்கும் சினாப்டோனீமல் தொகுப்பு உருவாவது, பாக்கிட்டீனில் ரீகாம்பினேஸ் நொதியின் துணையால் குறுக்கேற்றம் நிகழ்வது, டிப்ளோட்டீனில் அத்தொகுப்பு கரைந்து கயாஸ்மாக்கள் (குரோமோசோம்கள் இணைந்திருக்கும் X வடிவ இடங்கள்) தென்படுவது, டயாகைனசிஸில் அவை முனைநோக்கி நகர்வது எனச் சில பத்திகளுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆனால் அவற்றில் வினாவாக மாற முடியாத வரி என்று ஒன்றுகூட இல்லை. சினாப்டோனீமல் தொகுப்பு எந்தக் கட்டத்தில் கரைகிறது என்ற வினா 2020 தேர்வில் நேரடியாகவே வந்தது. சில முதுகெலும்பிகளின் அண்டச்செல்களில் டிப்ளோட்டீன் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கலாம் என்ற ஒற்றை வரியையும் தாண்டிச் சென்றுவிடக் கூடாது. படங்களின் கீழுள்ள குறிப்புகளுக்கும் பாடத்தின் இறுதியிலுள்ள தொகுப்புரைக்கும் இது பொருந்தும்.

பழைய வினாத்தாள்களைத் தீர்க்கும்போது, விடை இருந்த வரிக்கு அருகிலேயே அந்த ஆண்டைப் பென்சிலால் குறித்துவைத்தேன். சில மாதங்களில் எந்தப் பத்திகள் மீண்டும் மீண்டும் கேட்கப்படுகின்றன என்பதைப் பக்கமே காட்டிக்கொடுத்தது. மரபுக் கடத்தலின் மூலக்கூறு அடிப்படை பற்றிய பாடத்தில் ஓரங்கள் ஏறத்தாழ நிறைந்துவிட்டன. தங்கைக்கு இன்று எனது விளக்கங்களைவிட இந்தக் குறிப்புகளே அதிகம் பயன்படுகின்றன.

மாநில அரசின் உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் நூல்கள் இதைவிட விரிவானவை. விளக்கம் நிதானமாகச் செல்வதால் ஒரு பாடத்தை முதன்முறை படிப்பதற்கு அவற்றையே பரிந்துரைப்பேன். இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023-இல் என்சிஇஆர்டி பாடச்சுருக்கம் செய்தபோது தாவரங்களில் கடத்துதல், கனிம ஊட்டம், செரித்தல் ஆகியவை பதினொன்றாம் வகுப்பு நூலிலிருந்து நீங்கின. 2024 முதல் நீட் பாடத்திட்டத்திலும் அவை இல்லை. மாநில நூல்களைப் பள்ளித் தேர்வுக்காகப் படிக்கும்போது அப்பாடங்களையும் படித்தாக வேண்டும், ஆனால் நீட்டுக்கான திருப்புதலில் அவற்றுக்கு நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்குபவர்கள், அது சுருக்கப்பட்ட பதிப்புதானா என்பதை அறிய, பதினொன்றாம் வகுப்பு நூலில் 19 பாடங்களும் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் 13 பாடங்களும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது நல்லது. இரு நூல்களையும் என்சிஇஆர்டி தளத்திலிருந்து இலவசமாகவே தரவிறக்கிக்கொள்ளலாம் என்பது, பயிற்சி மையக் கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆதரவு.

தமிழைத் தேர்வு செய்தவர்களுக்கு வினாத்தாள் ஆங்கிலத்திலும் சேர்த்தே அச்சிட்டுத் தரப்படுகிறது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018 தேர்வில் பிழையாக மொழிபெயர்க்கப்பட்ட 49 வினாக்களுக்கு 196 மதிப்பெண்கள் வழங்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதன் சுமையைத் தாங்கியவர்கள் தமிழ்வழி மாணவர்கள்தான் என்பது இன்றும் எனக்கு வேதனை தருகிறது. என்சிஇஆர்டி வாக்கியங்கள் ஏற்கெனவே பழகியிருந்தால், தேர்வறையில் தமிழ் வரியையும் ஆங்கில வரியையும் ஒரு பார்வையில் ஒப்பிட்டுவிடலாம்.

வேதியியலில் கனிம வேதியியலுக்கு என்சிஇஆர்டி போதும், இயற்பிய வேதியியலுக்குக் கணக்குப் பயிற்சி தனியாக வேண்டும். இயற்பியலுக்கு அந்நூல் அடித்தளம் மட்டுமே. 2025 தேர்வின் கடினமான இயற்பியல் பகுதியை எதிர்கொண்டவர்களிடம் இதை விளக்கத் தேவையில்லை. உயிரியலை ஐம்பது நிமிடங்களுக்குள் முடிக்கும் வேகம் வந்தால்தான் இயற்பியலுக்குரிய நேரம் மிஞ்சும். உயிரியல் நூல்களில் செலுத்தும் உழைப்பின் மறைமுகப் பலன் அதுவே.

கைப்பேசிச் செயலிகளில் மாதிரித் தேர்வு எழுதுவதோடு நின்றுவிடாமல், ஓஎம்ஆர் தாளை (வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் தாள்) நகலெடுத்துக் கறுப்பு பால்பாயிண்ட் பேனாவால் வட்டங்களை நிரப்பிப் பழக வேண்டும். நிரப்பியதை அழிக்க வழியில்லை, தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். மேலும், 2021 முதல் 2024 வரையிலான வினாத்தாள்களில் 200 வினாக்கள் அச்சிடப்பட்டு 180-க்கு மட்டும் விடையளிக்கும் முறை இருந்தது. 2025-இல் அந்தத் தெரிவு நீக்கப்பட்டு, 180 நிமிடங்களில் 180 வினாக்கள் என்றானது. ஆகவே அந்த ஆண்டுகளின் தாள்களைப் பயிற்சிக்கு எடுப்பவர்கள், விருப்பப் பகுதியில் விட்ட வினாக்களையும் தவறாமல் தீர்த்துப் பார்க்க வேண்டும்.