அச்சு இதழா, மின்னிதழா? காரைக்குடி நூலகங்களுக்கு ஓர் அலசல்

சந்தா புதுப்பிக்கும் காலம் வந்தால் செட்டிநாட்டுக் கல்லூரி நூலகங்களிலும் இந்தப் பேச்சு எழுகிறது: எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது அச்சு இதழ் எதற்கு?

அறிவியல் இதழ்களைப் பொறுத்தவரை என் பதில் மின்னிதழ்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற ஆய்வகத்தில் ஒருவருக்குத் தேவை நேற்று வந்த கட்டுரை. அது கப்பலேறி வரும்வரை அவரால் காத்திருக்க முடியாது. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியபின், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வகங்களுக்கும் திறந்துவிட்டன. தேடுவதும் எளிது, அலமாரியும் வேண்டாம், ஒரே கட்டுரையைப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம்.

ஆனால் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய 6,000 கோடி ரூபாய் 2027 வரைக்குமானது. அச்சு இதழுக்குச் சந்தாவை நிறுத்தினாலும் பழைய தொகுதிகள் நம்மிடமே இருக்கும். மின்னிதழில் அப்படியில்லை. பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களைப் பின்னாளிலும் படிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் உண்டு. கையெழுத்திடுமுன் நூலகர் முதலில் தேட வேண்டிய வரி அதுதான்.

தமிழ் இதழ்களுக்கு வந்தால் என் பதில் அப்படியே மாறிவிடுகிறது. காரைக்குடியிலிருந்து வெளிவந்த 'குமரன்', 'ஊழியன்' போன்றவற்றை எந்தப் பன்னாட்டுப் பதிப்பகமும் தன் தளத்தில் வைத்துக் காக்கப் போவதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒருவராகச் சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும், 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. பிறகு நுண்படமும் (மைக்ரோஃபிலிம்) மின்படியும் எடுக்க முடிந்தது, அந்த மனிதர் காகிதத்தைக் கைவிடாததால்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

காகிதத்தைக் காப்பது சுலபமில்லைதான். அமிலம் கலந்த பழைய தாள் புரட்டும்போதே உதிர்கிறது. கரையான், இராமபாணப் பூச்சி, பைண்டிங் செலவு என்று தொல்லை நிறைய. அதற்காகவே மின்படியும் எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் மூலத்தை எடைக்குப் போட்டுவிடக் கூடாது. படியில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தால் வேறெங்கே போய்ப் பார்ப்பது?

பல நூலகங்களில் ஒரே கூட்டத்தில் ஒரே தீர்மானமாகப் போட்டுவிடும் இரண்டைப் பிரித்தே பார்க்க வேண்டும். சந்தாவை நிறுத்துவது ஒரு முடிவு, பழைய தொகுதிகளைக் கழிப்பது வேறொரு முடிவு. முதலாவதை அடுத்த ஆண்டே மாற்றிக்கொள்ளலாம், இரண்டாவதை மாற்ற வழியே இல்லை.

ஆகவே கழிக்குமுன் ஒரு பட்டியல் போட்டு அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் அனுப்புங்கள். வேறெங்கும் இல்லாத இதழ் என்று தெரிந்தால், அதன் அச்சுப் படி ஒன்றாவது இந்த வட்டாரத்திலேயே இருக்கட்டும். எந்த இதழை யார் வைத்துக்கொள்வது என்பதை நூலகர்கள் உட்கார்ந்து பேசி எழுத்தில் முடிவு செய்துகொள்ளலாம்.