டிஜிட்டல் சிக்னல்களைப் பிடிக்க: எஸ்.டி.ஆர். டாங்கிளா, எச்.எஃப். டிரான்ஸீவரா?

பாளையங்கோட்டைப் பக்கம் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக நடத்தும் அமெச்சூர் வானொலித் தொடர்பு) பழகத் தொடங்கும் மாணவர்கள் பலரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். டாங்கிள் என்பது கணினியில் செருகி சிக்னல்களைக் கேட்க மட்டும் உதவும் சிறு ரேடியோ; எச்.எஃப். டிரான்ஸீவர் சிற்றலையில் கேட்கவும் அனுப்பவும் செய்யும் கருவி.

விலை: டாங்கிள் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். டிரான்ஸீவருக்குப் பல பத்தாயிரங்கள் வேண்டும். அதில் சிக்னல் அனுப்ப உரிமமும் கட்டாயம்.

இனங்காணுதல்: இதில் டாங்கிளுக்கே என் ஓட்டு. ஏறத்தாழ 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே திரையில் விரித்துக் காட்டுகிறது. எழுத்துச் செய்திகளை அனுப்பும் டிஜிட்டல் முறைகளைத் திரையில் இப்படி அடையாளம் காணலாம்: 170 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு கோடுகள் மாறி மாறித் துடித்தால் பெரும்பாலும் அமெச்சூர் ஆர்.டி.டி.ஒய். மயிரிழை போன்ற ஒற்றைக் கோடு பி.எஸ்.கே.31. 50 ஹெர்ட்ஸ் அகலப் பட்டைகள் 15 நொடிக் கட்டங்களில் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நின்றால் எஃப்.டி.8. டிரான்ஸீவரிலிருந்து கணினிக்குப் போகும் ஒலியோ வழக்கமாக 3 கிலோஹெர்ட்ஸ் அளவுதான்.

மெல்லிய சிக்னல்: டாங்கிள் 8 பிட்தான் (சிக்னலின் வலிமையை 256 படிகளில் மட்டுமே அளக்கும்), அருகில் வலுவான நிலையம் இருந்தால் திணறிப்போகும். டிரான்ஸீவரின் வடிகட்டிகள் அதைத் தாங்கும்.

எஃப்.டி.8 பிரித்தறிய இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்குமேல் பிசகக் கூடாது. பிழை என்று வருவோரிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

உவரிக் கரையில் நின்று கப்பல்கள் தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். சிக்னலை 162 மெகாஹெர்ட்ஸ் அருகே பிடிக்க ஆசையா? டாங்கிள் வாங்குங்கள். எஃப்.டி.8 புழங்கும் 14.074 மெகாஹெர்ட்ஸில் கேட்டவருக்குப் பதிலும் அனுப்ப வேண்டுமா? உரிமத் தேர்வை எழுதிவிட்டு டிரான்ஸீவருக்குப் பணம் சேருங்கள்.