பணமா, காப்பகமா, சிகிச்சையா? பிள்ளைப்பேற்றுக்குப் போலந்து போட்ட மூன்று கணக்குகள்

போலந்தில் 1983-ஆம் ஆண்டு ஏழு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. 2024-இல் பிறந்தவை ஏறத்தாழ 2 லட்சத்து 52 ஆயிரம். சராசரியாக ஒரு பெண்ணுக்கு 1.1 குழந்தை. ஐரோப்பாவின் கடைசி வரிசையில் இருக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று.

இத்தனைக்கும் அரசு சும்மா இருந்துவிடவில்லை. கையில் பணம் கொடுத்தது, காப்பகக் கட்டணத்தை ஏற்றது, குழந்தையில்லாத தம்பதியருக்குச் சிகிச்சைச் செலவைக் கட்டியது. மூன்றும் ஒரே நாட்டில், கிட்டத்தட்ட ஒரே தலைமுறைப் பெற்றோரிடம் நடந்தவை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

முதலில் பணம். 2016 ஏப்ரல் 1-ஆம் தேதி பெயாத்தா ஷிட்வோ தலைமையிலான சட்டம்-நீதிக் கட்சி அரசு '500 பிளஸ்' திட்டத்தைத் தொடங்கியது. இரண்டாவது குழந்தையிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 500 ஸ்லோட்டி (போலந்தின் நாணயம்), 18 வயது வரை. முதல் குழந்தைக்கும் உண்டு; ஆனால் வீட்டில் தலைக்கு 800 ஸ்லோட்டிக்கு மேல் வருமானம் இருக்கக்கூடாது. 2019 ஜூலையில் அந்த வருமான வரம்பை எடுத்துவிட்டார்கள். 2024 ஜனவரியிலிருந்து தொகை 800 ஸ்லோட்டி, அதாவது ஏறத்தாழ 200 டாலர்; பெயரும் '800 பிளஸ்' ஆனது. விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில்தான். வங்கிக் கணக்கின் இணையப் பக்கத்திலேயே படிவத்தை நிரப்பிவிடலாம். எந்த அலுவலகத்திலும் வரிசையில் நிற்க வேண்டாம், யாரிடமும் வறுமையை நிரூபிக்க வேண்டாம். எளிமை என்று பார்த்தால் மூன்றில் இதற்குத்தான் முதலிடம்.

பலன்? மசோதாவோடு அரசே இணைத்த மதிப்பீட்டின்படி பத்து ஆண்டுகளில் கூடுதலாக 2 லட்சத்து 78 ஆயிரம் குழந்தைகள் பிறந்திருக்க வேண்டும். 2015-இல் 3 லட்சத்து 69 ஆயிரமாக இருந்த பிறப்புகள் 2017-இல் 4 லட்சத்து 2 ஆயிரமாக ஏறின. ஆட்சியாளர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் 2019-லேயே எண்ணிக்கை 3 லட்சத்து 75 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. 2023-இல் 2 லட்சத்து 72 ஆயிரம். இடையில் கூடியவை பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது குழந்தைகள். 1983-ஐ ஒட்டிப் பிறந்த பெரிய தலைமுறைப் பெண்களுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. எப்படியும் இன்னொன்று பெற நினைத்திருந்தவர்கள் பணம் வந்ததும் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடைசி வண்டி புறப்படும்போது நடைமேடையில் கூட்டம் தெரியும். அதைப் பார்த்து ஊரில் ஜனம் பெருகிவிட்டது என்று சொல்ல முடியாது.

ஆரம்ப காலத்து விதியில் ஒரு சிக்கலும் இருந்தது. ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் தாய் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு தலை, தலைக்கு 800, ஆக வரம்பு 1,600. சம்பள உயர்வில் அவர் அந்தக் கோட்டைப் பத்து ஸ்லோட்டி தாண்டினாலும் 500-உம் மொத்தமாகப் போய்விடும். உயர்வை வேண்டாம் என்று சொல்வதே லாபம்! இரண்டு பிள்ளைகள் உள்ள மருத்துவர் குடும்பத்துக்கோ இரண்டாவது குழந்தைக்கான பணம் தடையில்லாமல் வரும். வார்சா பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த இகா மாக்தாவும் சக ஆய்வாளர்களும் கணக்கிட்டுப் பார்த்ததில், 2017-இன் நடுப்பகுதிக்குள் பிள்ளை உள்ள பெண்கள் உழைப்புச் சந்தையில் இருக்கும் விகிதம் இத்திட்டத்தால் 2 முதல் 3 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. படிப்பு குறைவான பெண்களிடம்தான் இந்தப் பாதிப்பு அதிகம்.

அதற்காகத் திட்டத்தையே வெற்றுச் செலவு என்று தள்ளிவிடுவதும் நியாயம் இல்லை. போலந்துப் புள்ளியியல் அலுவலகக் கணக்கில், கடும் வறுமையில் இருந்த குழந்தைகளின் பங்கு 2015-இல் 9 சதவீதம். 2017-இல் 5-க்கும் கீழே. இது சாதாரண விஷயம் இல்லை. வறுமை ஒழிப்புத் திட்டம் என்று சொல்லித் தொடங்கியிருந்தால் இதை நானே பாராட்டி எழுதியிருப்பேன். பிள்ளை பிறக்கும் என்று சொல்லி விற்றதில்தான் கோளாறு. தொகையை விலைவாசியோடு இணைக்கவும் இல்லை. 2022-இல் பணவீக்கம் 14.4 சதவீதம் ஏறியபோதும் அதே 500-தான்.

அப்புறம் காப்பகம். இங்கே முதலில் ஒரு இடைவெளியைப் புரிந்துகொள்ள வேண்டும். சம்பளத்தோடு கூடிய பேறுகால, பெற்றோர் விடுப்பு குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு வயது ஆகும்போது முடிகிறது. மூன்று வயதில் மழலையர் பள்ளியில் இடம் கொடுப்பது உள்ளாட்சியின் கடமை. நடுவில் இருக்கும் இரண்டு வருடம்? பாட்டி பக்கத்தில் இருந்தால் பாட்டி, இல்லாவிட்டால் அம்மா வேலையை விட வேண்டும். 2011 வரை காப்பகங்கள் சட்டப்படி மருத்துவ நிறுவனங்கள் என்ற கணக்கில் இருந்தன. அந்த விதிகளுக்கு உட்பட்டுப் புதிதாக ஒன்றைத் திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 2011 பிப்ரவரியில் வந்த சட்டம் அதை மாற்றிய பிறகுதான் எண்ணிக்கை கூடத் தொடங்கியது.

சட்டம்-நீதிக் கட்சிக்குப் பின் ஆட்சிக்கு வந்த டொனால்ட் டஸ்க் அரசு 2024 அக்டோபரில் கொண்டுவந்த 'துடிப்பான பெற்றோர்' திட்டம் இந்த இரண்டு வருடத்தைத்தான் குறிவைக்கிறது. மக்கள் வாயில் இதற்குப் 'பாட்டிப் பணம்' என்று பெயர். குழந்தைக்கு 12 மாதம் முதல் 35 மாதம் வரை மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மாதம் 1,500 ஸ்லோட்டி. அதைப் பாட்டிக்குக் கொடுப்பதோ ஆயாவுக்குக் கொடுப்பதோ அவர்கள் இஷ்டம். காப்பகத்தில் விட்டால் 1,500 வரை கட்டணத்துக்கே நேராகப் போகும். வீட்டோடு இருக்கும் தாய்க்கு 500. எது அரசுக்குப் பிடிக்கும் என்பதை இந்தத் தொகைகளே சொல்லிவிடுகின்றன.

குறையும் உண்டு. மானியம் வந்ததுமே சில தனியார் காப்பகங்கள் கட்டணத்தை ஏற்றிவிட்டன என்று புகார் எழுந்தது. அதனால் 2025 ஏப்ரலிலிருந்து, மாதம் 2,200 ஸ்லோட்டிக்கு மேல் வாங்கும் காப்பகத்துக்கு மானியம் கிடையாது. பெரிய நகரத்தில் இருப்பவருக்குச் சரி. காப்பகமே இல்லாத கிராமத்தில் கட்டண மானியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிறப்பு எண்ணிக்கையில் இதன் விளைவைப் பேச இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் 500 பிளஸ் வேலையிலிருந்து வெளியே இழுத்த அதே தாய்மாரை இது உள்ளே அழைக்கிறது. வேலை போய்விடுமோ என்று இரண்டாவது பிள்ளையைத் தள்ளிப்போடும் பெண்ணுக்கு மாதம் 800-ஐவிட இது பெரிய பதில்.

மூன்றாவது ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சை. செலவில் சின்னது, சண்டையில் பெரியது. 2013 ஜூலையில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் 22 ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. 2016-இல் சட்டம்-நீதிக் கட்சியின் புதிய அரசு அதைப் புதுப்பிக்காமல் விட்டது. கத்தோலிக்கத் திருச்சபை இந்தச் சிகிச்சையை ஏற்பதில்லை. அன்றைய ஆளும் கட்சியும் அந்தப் பக்கம். ஒரு கையால் 500 பிளஸ் கொடுத்து, அதே வருடம் மறு கையால் பிள்ளைக்காக ஏங்கிக் கிடந்த தம்பதியரின் சிகிச்சையை நிறுத்தியது எந்த ஊர் மக்கள்தொகைக் கொள்கை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் நகராட்சிகள்தான் தங்கள் நிதியிலிருந்து தாங்கின. அதில் முன்னோடி செஸ்டொகோவா, 2012-லேயே. யாஸ்னா கூரா மடமும் கறுப்பு மாதா படமும் இருக்கிற, நாட்டின் தலையாய யாத்திரைத் தலம் அது!

பிறகு ஏறத்தாழ ஐந்து லட்சம் கையெழுத்தோடு வந்த குடிமக்கள் மசோதாவை நாடாளுமன்றம் 2023 நவம்பரில் நிறைவேற்றியது. 2024 ஜூன் முதல் ஆண்டுக்குக் குறைந்தது 50 கோடி ஸ்லோட்டி இதற்கு. 800 பிளஸுக்கு ஆண்டுக்கு ஆவது 6,000 கோடிக்கும் மேல். அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 22 ஆயிரத்தில் சிலர் கடன் வாங்கியாவது தனியாரிடம் சிகிச்சை எடுத்திருப்பார்கள், ஆகவே எல்லாமே கூடுதல் பிறப்பு என்று சொல்ல முடியாது. இருந்தாலும் மூன்று திட்டங்களில் பிறந்த குழந்தைகளை விரல்விட்டுக் காட்ட முடிவது இது ஒன்றில்தான். என்ன, இதன் எல்லை சிறியது. குழந்தை வேண்டாம் என்றிருப்பவரையோ தள்ளிப்போடுபவரையோ இது தொடாது.

என்னைக் கேட்டால், ஐவிஎஃபுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவையும் கொடுத்துவிடலாம். மொத்தச் செலவில் அது தெரியவே தெரியாது. 800 பிளஸை வறுமைக்கான திட்டமாக வைத்துக்கொண்டு, நல்ல வசதி உள்ள வீடுகளுக்குப் போகும் பங்கைக் கிராமப்புறக் காப்பகங்களுக்குத் திருப்பலாம். ஆனால் அரசியலில் அது நடக்காது. வாங்கிப் பழகிய வாக்காளரிடமிருந்து 800-ஐத் திரும்பக் கேட்க எந்தக் கட்சிக்கும் துணிச்சல் இல்லை.

மூன்றும் எட்டாத இடங்களும் இருக்கின்றன. வாடகை வீடு கிடைக்காமல் முப்பது தாண்டியும் பெற்றோரோடு இருக்கும் இளைஞர்கள் ஒரு பக்கம். கருவில் கடும் குறைபாடு இருந்தாலும் கலைக்க முடியாது என்று அரசியலமைப்புத் தீர்ப்பாயம் 2020 அக்டோபரில் சொன்ன பிறகு, கர்ப்பம் தரிக்கவே பயம் என்று வெளிப்படையாகப் பேசும் பெண்கள் இன்னொரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, தாயாகப்போகும் தலைமுறையே சின்னது: 2003-இல் போலந்தில் பிறந்தவர்கள் 3 லட்சத்து 51 ஆயிரம் பேர்தான், அதில் பாதிக்கும் குறைவானவர்களே பெண்கள்.