பழைய எஞ்சினுக்கான டைமிங் செயின் கிட்: ஒரு மதிப்புரை

எஞ்சினின் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒத்திசைவாகச் சுழலவைப்பது டைமிங் செயின். நான் வாங்கிய கிட்டில் அந்தச் செயினுடன், அதை இறுக்கமாக வைக்கும் டென்ஷனர், அதன் பாதையைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகள், அது பூட்டப்படும் பற்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டுகள், ஆயில் சீல் ஆகியவையும் இருந்தன. தேய்ந்த பற்களில் பூட்டப்படும் புதிய செயினும் விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், செயினை மட்டும் தனியாக வாங்குவதைவிட இதுவே உகந்தது.

வேறு சில எஞ்சின்களில் இதே வேலையைச் செய்யும் டைமிங் பெல்ட்டுக்குக் கூறப்படுவதுபோல் செயினுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கிலோமீட்டர் வரம்பைக் குறிப்பிடுவதில்லை. எனவே எஞ்சின் காட்டும் அறிகுறிகளையே கவனிக்க வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் இயக்கியதும் எஞ்சினின் செயின் பக்கத்திலிருந்து கடகடவென்று ஓசை எழுந்து, ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்குமானால், டென்ஷனரையும் செயினையும் உடனே சோதிக்க வேண்டும். கிராங்க், கேம் தண்டுகளின் நிலைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று எஞ்சின் கணினி காட்டும் பி0016 என்ற பிழைக்குறி சென்சார் கோளாறாலும் வரலாம் என்பதால், அதை மட்டும் வைத்து எஞ்சினைப் பிரிப்பது முறையன்று. ஆனால் ஓசையும் சேர்ந்திருந்தாலோ, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் கைடின் பிளாஸ்டிக் துண்டுகள் கிடைத்தாலோ, ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. செயின் ஸ்ப்ராக்கெட்டின் பல்லைத் தாவினால், பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். அந்தச் செலவு இந்தக் கிட்டின் விலையைப் பல மடங்கு மிஞ்சும்.

பாகங்களின் தரத்தில் எனக்குக் குறையில்லை. பொருத்திய பின் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுழற்றிப் பார்த்தபோது ஸ்ப்ராக்கெட்டுகளில் உள்ள டைமிங் குறிகள் சரியாகப் பொருந்தின. ஆனால் ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய கேம் போல்ட்டுகள் கிட்டில் இல்லை. அவற்றைத் தனியே வாங்கி வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.